இருபத்தாறு பவுண்டு

பிப்ரவரி 9, வெள்ளி

அச்சில் வியாழன் என்று இருக்கிறது. அடித்துவிட்டேன். இது டயர் கம்பெனிக்காரர்கள் கொடுத்த போன வருஷத்து டைரி. பைக்குள் இது ஒன்றுதான் கிடந்தது. ஆகவே இனி தினமும் கிழமையை அடித்துத்தான் எழுத வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்த தொம்மை டைரி எழுதுகிறான் என்றால் எங்கள் கணக்கு வாத்தியார் கல்லறையில் புரண்டு படுப்பார்.

டாக்டர் நசீமா மூன்று விஷயம் குறித்து வைக்கச் சொன்னார். காலையும் மாலையும்.

கால்: இரண்டும் அசையவில்லை.
குத்தினால்: தொப்புள்வரை தெரிகிறது. அதற்குக் கீழே இல்லை. டாக்டரம்மா நீலப் பேனாவால் வயிற்றில் கோடு போட்டிருக்கிறார்.
சிறுநீர்: தானாக வரவில்லை. குழாய் வைத்திருக்கிறார்கள்.

படுத்திருப்பவன் என் மகன் வளன். இருபத்துமூன்று வயது. தூத்துக்குடியில் சங்கு குளிக்கிற போட்டில் போயிருக்கிறான். போட்டின் மேலே கம்ப்ரஸர் ஓடும். அதிலிருந்து நீளக் குழாய் தண்ணீருக்குள் போகும். குழாய் முனையை வாயில் கவ்விக்கொண்டு கடலின் தரையில் நடந்து சங்கு பொறுக்க வேண்டும். புதன்கிழமை மதியம் மேலே வந்தவன் "முதுகு வலிக்கி" என்றானாம். கரைக்கு வருவதற்குள் இரண்டு காலும் போய்விட்டது.

காற்று பிடித்திருக்கிறது என்று சொல்லி அரை நாள் தைலம் தேய்த்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்த மேதை நான்தான். மறுநாள்தான் மதுரைக்கு இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். தைலக் கதையைச் சொன்னபோது டாக்டரம்மா திட்டவில்லை. எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

வளன் துறைமுகத்தில் குடோன் வேலைக்குப் போகிறான் என்றுதான் அவன் அம்மா பிலோமி நம்பியிருந்தாள். "உங்களுக்காவது தெரியுமா?" என்றாள். எனக்கும் குடோன் என்றுதான் தெரியும் என்றேன்.

பிப்ரவரி 10, சனி

கால்: இல்லை. கோடு: அதே இடம். குழாய்: இருக்கிறது.

வைத்தியம் நடக்கிற இடத்தைப் பார்த்தேன். தண்ணீர் லாரியின் தொட்டியைக் கழற்றித் தரையில் வைத்து, வெள்ளைப் பெயின்ட் அடித்து, வட்ட ஜன்னல் வைத்தது போல ஒரு இரும்பு அறை. சேம்பர் என்கிறார்கள். அதற்குள் ஆளைப் படுக்கவைத்து, கதவைப் பூட்டி, காற்றை ஏற்றி, மாஸ்க் வழியாக ஆக்சிஜன் கொடுக்கிறார்கள். முதல் நாள் வளன் ஐந்து மணி நேரம் உள்ளே இருந்தான். இனித் தினமும் ஒன்றரை மணி நேரம்.

வெளியே உட்கார்ந்து அதை ஓட்டுகிறவர் குருவையா. கடற்படையில் தண்ணீருக்குள் இறங்கும் முங்காளியாக இருந்து ஓய்வு பெற்றவர். திருச்செந்தூர்ப் பக்கம். ஆகவே வாயைத் திறந்ததும் அண்ணாச்சி ஆகிவிட்டோம்.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம். காத்து கூடிப்போயித்தான இவனுக்கு இப்பிடி ஆச்சு. மறுபடியும் காத்தை ஏத்துதீங்களே. வெடிச்ச டயருக்கு எவனாவது காத்தடிப்பானா?"

"கூடினதுனால ஒண்ணுமில்ல அண்ணாச்சி. கூடினது சட்டுன்னு கொறஞ்சதுதான் வெனை. கீழ இருக்கையில காத்து ரத்தத்துல, சதையில, எல்லாத்துலயும் ஊறும். மாங்காயில உப்பு ஊறுத மாதிரி. மெதுவா மேல வந்தா மூச்சு வழியா மெதுவா வெளிய போயிரும். ஒரே தம்முல வந்தா எங்க ஊறிச்சோ அங்கனயே குமிழி கட்டிரும். இவனுக்கு முதுகுத்தண்டுல கட்டிருக்கு."

"சரி."

"மறுபடி அழுத்துனா குமிழி சுருங்கும். ஆக்சிஜன் குடுத்தா கொஞ்சங் கொஞ்சமா கரையும். பெறகு ஆமை மாதிரி மேல கொண்டுவருவோம்."

தலையை ஆட்டினேன். புரிந்த மாதிரி தலையாட்டுவதில் எனக்கு முப்பது வருஷ அனுபவம் உண்டு. டயருக்குள் இருக்கிற காற்று எங்கேயும் ஊறிப் பார்த்ததில்லை. வால்வு ஊசியைப் பிடுங்கினால் புஸ்ஸென்று ஒரே மூச்சில் போகும். டயருக்கு ஒன்றும் ஆகாது. மறுபடி அடித்தால் மறுபடி ஓடும். மனுஷனை மட்டும் ஏன் இப்படிச் செய்து வைத்திருக்கிறார் கடவுள் என்று தெரியவில்லை.

பிறகு டாக்டரம்மா ஒரு தாளோடு வந்தார். வளன் சொல்லச் சொல்ல எழுதினார். நானும் இங்கே பார்த்து எழுதினேன்.

ஆழம்: 6 பாகம். (ஒரு பாகம் ஆறடி.)
எத்தனை தடவை: ஒன்று. அரை மணி நேரம்.
மேலே வந்தது: மெதுவாக.
மெஷின் யாருடையது, எப்படிப்பட்டது: தெரியாது.

டாக்டரம்மா தாளைப் பார்த்தபடியே நின்றார். "இதுக்கு இவ்வளவு ஆகாதே தம்பி" என்றார். வளன் ஜன்னலைப் பார்த்தான்.

"ஹோஸ் என்ன நீளம் இருக்கும்?" என்று குருவையா கேட்டார்.

"முப்பத்தஞ்சு மீட்டர்" என்றேன் நான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஒரு உத்தேசமாத்தான்" என்றேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

கால்: இல்லை. கோடு: தொப்புளுக்குக் கீழே மூன்று விரல். இறங்கியிருக்கிறது. மேலிருந்து கீழே இறங்கினால் நல்லதாம். எங்கள் தொழிலில் இறங்கினால் பஞ்சர்.

பூசை முடிந்து பிலோமி மந்திரித்த எண்ணெய்க் குப்பியோடு வந்தாள். முதுகில் தடவி உள்ளே அனுப்ப வேண்டும் என்றாள். குருவையா கதவை மறித்து நின்றுவிட்டார்.

"தாயே, எண்ணெய் ஆகாது. ஆக்சிஜனும் எண்ணெயும் சேந்தா தீப்பிடிக்கும். தலைக்குக்கூட எண்ணெய் வைக்க விடமாட்டோம்."

"இது மாதா கோயில் எண்ணெய்ங்க."

"எந்தக் கோயில் எண்ணெயா இருந்தாலும் எரியத்தான செய்யும். வெளிய வந்ததும் தேய்ங்க."

பிலோமி என்னை முறைத்தாள். நான்தான் ஆக்சிஜனைக் கண்டுபிடித்தது போல. முறைத்ததில் அவள் மூக்குக்கண்ணாடியின் காதுக் கம்பி கழன்று விழுந்தது. பையில் எப்போதும் டியூப் வார் ஒரு துண்டு வைத்திருப்பேன். பழைய சைக்கிள் டியூபை நீளமாக நறுக்கிய ரப்பர். இழுத்துச் சுற்றினால் இரும்பு மாதிரி பிடிக்கும். எங்கள் வீட்டில் அடுப்புக் கால், குடைக் கம்பி, தண்ணீர்க் குழாய் எல்லாம் டியூப் வாரில்தான் நிற்கின்றன. கண்ணாடிக் காதையும் கட்டிக் கொடுத்தேன்.

"கைவேலை நல்லாருக்கே, என்ன தொழில் அண்ணாச்சி?" என்றார் குருவையா.

"சின்னதா ஒரு கடை" என்றேன்.

பிப்ரவரி 12, திங்கள்

கோடு: இடுப்பு எலும்பு.

பிப்ரவரி 13, செவ்வாய்

கூட ஒருவர் உள்ளே உட்காரலாம் என்றார்கள். காது டாக்டர் என் காதைப் பார்த்து அனுமதி கொடுத்தார். பருத்தி வேட்டி, பருத்திச் சட்டை. போன், தீப்பெட்டி, சீப்பு எல்லாம் வெளியே. கடைசியில் குருவையா என் விரல்களைப் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ன கிரீஸா?"

முப்பது வருஷ கிரீஸ். நகத்துக்குள் குடியிருக்கிறது. பிரஷ் கொடுத்து மூன்று தடவை கழுவ வைத்தார். கல்யாணத்துக்குக்கூட என் கை இவ்வளவு வெள்ளையாக இல்லை.

உள்ளே வளன், நான், ஒரு நர்ஸ். கதவை மூடியதும் சீறல் தொடங்கியது. நன்கு தெரிந்த சத்தம். கடையில் தினமும் கேட்பது. ஆனால் இந்தத் தடவை நான் டயருக்குள் இருந்தேன். காதில் யாரோ கட்டைவிரலை வைத்து அமுக்கினார்கள். மூக்கைப் பொத்தி ஊதச் சொன்னார் நர்ஸ். ஊதினேன், பட்டென்று திறந்தது. உடம்பு வேர்த்தது. "சூடா இருக்கே" என்றேன். என் குரல் வேறு எவனோ மூக்கால் பேசுவது போலக் கேட்டது. வளன் மாஸ்க்குக்குள் சிரித்தான். வந்த நாளிலிருந்து இன்றுதான் சிரிக்கிறான். அதற்காக நாள் முழுக்க மூக்கால் பேசத் தயார்.

மூடி போட்ட காலித் தண்ணீர் பாட்டில் ஒன்றை குருவையா வேண்டுமென்றே கொடுத்தனுப்பியிருந்தார். காற்று ஏற ஏற அது தானாக நசுங்கி ஒட்டிப்போனது. யாரும் தொடவில்லை. "இப்பத் தொறந்து மூடுங்க" என்றார் ஸ்பீக்கரில். திறந்ததும் பழையபடி நிமிர்ந்தது. மூடி, மடியில் வைத்துக்கொண்டேன். முடிந்து காற்றை இறக்கும்போது உள்ளே குளிர்ந்து மூடுபனி மாதிரி வந்தது. பாட்டில் விறைத்துக்கொண்டே போனது. கடைசியில் விரலால் அமுக்க முடியவில்லை. கல் மாதிரி இருந்தது. மூடியை ஒரு நூல் திருப்பினேன். சீறியது.

வளன் அந்தப் பாட்டிலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் அதை பெஞ்சுக்கு அடியில் உருட்டிவிட்டேன்.

வெளியே வந்து கேட்டேன். "எத்தனை பவுண்டு அண்ணாச்சி வச்சீங்க?"

"உங்க கணக்குக்கு இருபது இருக்கும்."

எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. ஆட்டோ டயருக்குப் பக்கம்கூட இல்லை. ஆனால் டாக்டரம்மா பைலில் இரண்டே புள்ளி நாலு என்று எழுதியிருந்தார். ஒன்று என்றால் கிட்டத்தட்ட பதினைந்து பவுண்டு என்றார் குருவையா. அப்படியானால் முப்பத்தைந்து வர வேண்டும். இருபதுதான் என்கிறார்.

"பதினஞ்சு பவுண்டு எங்க போச்சு அண்ணாச்சி?"

"எங்கயும் போகல. மேல வானம் நிக்குல்லா. அந்தக் காத்தோட கனம் எப்பவும் நம்ம மேல இருக்கு. நீங்க டயருக்கு வைக்கிற மீட்டரு அதைக் கழிச்சிட்டுத்தான் சைபர்ல நிக்கும். டாக்டரு அதையுஞ் சேத்து எண்ணுவாங்க. ஒடம்புக்கு அதுதான் கணக்கு."

ஐம்பத்திரண்டு வருஷமாகத் தலையில் பதினைந்து பவுண்டோடு திரிகிறேன். யாரும் சொல்லவில்லை. சைபர் காட்டும்போது அங்கே ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

படுக்கப் போகுமுன் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபத்தாறோடு பதினைந்து, நாற்பத்தொன்று. ஏன் இருபத்தாறு என்று எடுத்தேன் என்றால், சும்மா ஒரு எண்.

பிப்ரவரி 14, புதன்

காலை: கோடு முழங்காலுக்குப் பாய்ந்துவிட்டது. பல்குத்தும் குச்சியால் நான்தான் சோதித்தேன். அவன் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், நான் குத்தி "தெரியுதா?" என்று கேட்க வேண்டும். தொடையில் தெரியுது, தெரியுது, தெரியுது. முழங்காலில் தெரியுது. பிலோமி ஊரில் உள்ள எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னாள்.

மாலை: எனக்குள் ஏதோ உறுத்தியது. பதில் கேள்விக்கு முன்னாலேயே வருகிறது. ஆகவே குச்சியைக் காற்றில் பிடித்துக்கொண்டு, எங்கேயும் தொடாமல், "தெரியுதா?" என்றேன்.

"தெரியுது" என்றான்.

காலையில் எழுதியது தப்பு. கோடு: இடுப்பு எலும்பு.

அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. பிலோமியிடமும் சொல்லவில்லை. இந்தப் பயல் பொய் சொல்ல எங்கே கற்றுக்கொண்டான் என்றுதான் யோசிக்கிறேன்.

பிப்ரவரி 15, வியாழன்

கோடு: இடுப்புக்குக் கீழே நாலு விரல். மூன்று தடவை குத்தி உறுதிப்படுத்தினேன்.

டாக்டரம்மா வராந்தாவில் நிறுத்திக் கேட்டார்.

"அந்தப் பையன் சொல்றதும் உடம்பு சொல்றதும் ஒத்துவரல. எவ்வளவு நேரம் கீழ இருந்தான், எவ்வளவு வேகமா வந்தான்னு தெரிஞ்சா, நுரையீரலையும் ஸ்கேன் பண்ணணுமான்னு நான் முடிவெடுப்பேன். உங்ககிட்ட ஏதாவது சொன்னானா?"

"இல்லம்மா."

"அதே மெஷின்ல வேற யாரும் இப்ப இறங்குறாங்களா?"

"எனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

மதியம் போட்டுக்காரர் சம்மாட்டிக்குப் போன் செய்தேன். நலம் விசாரித்தார். ஜெபிக்கிறேன் என்றார். போட்டு சும்மாவா கிடக்கிறது என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "சும்மா போட முடியுமா? வளனுக்குப் பதிலா ரொமால்டு எறங்குதான்" என்றார்.

ரொமால்டு வளனோடு படித்தவன். எங்கள் வீட்டில் வாரம் நாலு நாள் சாப்பிடுகிறவன்.

பிப்ரவரி 16, வெள்ளி

இன்று எழுத ஒன்றும் இல்லை.

சேம்பர் கதவு மூடுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் ரொமால்டு தண்ணீருக்குள் போகிறான் என்று தோன்றுகிறது. இரண்டும் ஒரே நேரம். காலை பத்து மணி.

பிப்ரவரி 17, சனி

டைரியை வளன் கட்டிலில் மறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து திறந்தால் 10ஆம் தேதிப் பக்கத்தில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். நீல மை. படுத்தபடி எழுதிய கோணல் எழுத்து.

6 பாகம் என்பதை அடித்து 10 பாகம்.
ஒன்று என்பதை அடித்து மூணு தடவ. ஒவ்வொண்ணும் ஒண்ணேகால் மணி.
மெதுவாக என்பதை அடித்து ஒரே மூச்சில். மூணாவது தடவ காத்து நின்னு போச்சு.

மெஷின் யாருடையது, எப்படிப்பட்டது: தெரியாது. இதை மட்டும் அவன் அடிக்கவில்லை. பேனா அங்கே வந்து நின்றிருக்கிறது. ஒரு சின்னப் புள்ளி விழுந்திருக்கிறது. அவ்வளவுதான்.

அந்தப் புள்ளியை ரொம்ப நேரம் பார்த்தேன். இனி நான் எழுத வேண்டும்.

மெஷின் என்னுடையது. சிவப்பு கம்ப்ரஸர், வயிற்றில் ஒரு நெளிவு. ஏழு வருஷம் கடையில் ஓடியது. புதிது வாங்கியதும் பழையதைச் சம்மாட்டி கேட்டார், கொடுத்தேன். பெட்ரோல் எஞ்சின் மாட்டிக் கொடுத்ததும் நான். முப்பத்தைந்து மீட்டர் ஹோஸை அளந்து வெட்டியதும் நான். தொட்டியிலிருந்து ஹோஸ் கிளம்புகிற இடத்தில் கொஞ்சம் காற்று கசிந்தது. டியூப் வார் சுற்றிக் கட்டினேன். கடையில் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தேன், அசையவில்லை. கடையில் உப்புத் தண்ணீர் கிடையாது. எஞ்சின் சூட்டில் வார் இளகுகிற அளவுக்கு யாரும் ஓட்டுவதும் கிடையாது.

வளன் குடோனுக்குப் போகவில்லை என்று எனக்கு முதல் நாளே தெரியும். அந்தச் சிவப்பு மெஷினை போட்டில் ஏற்றும்போது மறுபக்கம் பிடித்துத் தூக்கியவனே அவன்தான்.

இன்னொன்று. முதல் தடவை இறங்குவதற்கு முன் அவன் பயந்தான். "பத்து பாகம்பா, நெஞ்சை அமுக்காதா?" என்றான். நான் பரிசோதனை செய்து வைத்திருந்தேன். ஹோஸ் முனையைப் பத்து பாகத்தில் இறக்கினால், மீட்டர் முள் இருபத்தாறைத் தாண்டினால்தான் காற்று குமிழிவிடும். ஆகவே அங்கே இருப்பது இருபத்தாறு பவுண்டு. கணக்கு சரிதான். அதற்குப் பிறகு நான் சொன்னதுதான்.

"இருபத்தாறு பவுண்டு மக்கா. நம்ம கார் டயர்ல அதைவிடக் கூட வைக்கோம். டயரே தாங்குது, நீ தாங்கமாட்டியா? எவ்வளவு நேரம்னாலும் இரு."

அவன் இருந்தான். அப்பா சொன்னார் என்று ஒண்ணேகால் மணி நேரம் இருந்தான்.

பிப்ரவரி 18, ஞாயிறு

டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். டைரியைத் திறந்து அந்தப் பக்கத்தையே காட்டினேன். வாசித்தார். உடனே நுரையீரல் ஸ்கேனுக்கு எழுதினார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"அந்த மெஷின் இப்ப எங்க இருக்கு?"

"கடல்ல இருக்கும்மா. நாளைக்கும் போகும்."

"அப்ப நீங்க ஏன் இங்க நிக்கிறீங்க?"

குருவையா பக்கத்தில் இருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர், "உங்க இருபத்தாறு சரிதான் அண்ணாச்சி. டயருக்குச் சொல்லவேண்டியத மனுஷனுக்குச் சொல்லிட்டீங்க" என்றார்.

பிலோமியிடம் சொல்வதுதான் பெரிய வேலை. அவள் சாப்பாட்டுக் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். கூடையைக் கவிழ்த்து வைத்தாள்.

"அப்போ நம்ம வீட்டுல குடோன் வேலைன்னு நம்புனவ நான் ஒருத்திதான்."

கண்ணாடியைக் கழற்றினாள். நான் சுற்றிய டியூப் வாரைப் பிரித்து என் கையில் வைத்தாள்.

"காலையில மொத பஸ்ஸுக்குப் போங்க. அந்தப் பய ரொமால்டைத் தண்ணிக்குள்ள விடாதீங்க."

ஸ்கேன்: நுரையீரலில் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 19, திங்கள்

முதல் பஸ் பிடித்தும் போட்டு கிளம்பிவிட்டது. மதியம்வரை கரையில் காத்திருந்தேன். மணலில் உட்கார்ந்து கடலைப் பார்ப்பது சுகம் என்று எவன் சொன்னான் என்று தெரியவில்லை.

இரண்டு மணிக்கு வந்தார்கள். முதலில் ரொமால்டு இறங்கினான். இரண்டு காலால் நடந்து வந்தான்.

"என்ன மாமா, வளன் எப்பிடியிருக்கான்? உங்க மெஷினு பிரமாதம். நீங்க கட்டுன வாரு அன்னைக்கு அவுந்துபோச்சு. நீங்க கட்டுன மாதிரியே நானே புது வாரு சுத்திட்டேன். பாருங்க."

பார்த்தேன். என்னைவிட அழகாகச் சுற்றியிருந்தான்.

சம்மாட்டியிடம் மெஷினைத் திருப்பிக் கேட்டேன். "குடுத்ததைக் கேக்கலாமா தொம்மை?" என்றார். பத்து நிமிஷம் பேசினோம். சரிவரவில்லை. ஸ்பேனரை எடுத்து, அவர் கண் முன்னாலேயே கம்ப்ரஸர் தலையைக் கழற்றி, உள்ளே இருக்கிற வால்வுத் தகட்டைப் பைக்குள் போட்டேன். அது இல்லாமல் அந்த மெஷின் காற்று பிடிக்காது.

"என்னய்யா இது?"

"மெஷினு உங்களுது. தகடு எம் பாவத்துக்கு."

என் மகனுக்காக ஜெபித்தவர் இப்போது என்னை என்னென்னவோ சொன்னார். எழுதினால் டைரி தீட்டாகும். இன்னொரு கடையில் தகடு வாங்கிக்கொள்வேன் என்றார். வாங்குவார். கரையோரத்தில் என் கடை போக பஞ்சர் கடை ஒன்பது. பஸ் ஏறுவதற்கு முன் ஒன்பது கடைக்கும் போய், அவருக்குத் தகடு கொடுக்காதீர்கள் என்று சொன்னேன். எட்டுப் பேர் கேட்டார்கள். ஒருவன் சிரித்தான்.

சுமையைத் தூக்கும்போது ரொமால்டு இடது முழங்கையை மடக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

"கையில என்னலே?"

"ஒண்ணுமில்ல மாமா. ரெண்டு நாளா லேசா கடுக்கு. தைலம் தேச்சேன்."

"கெளம்பு."

"எங்க?"

"மதுரைக்கு. மேல பேசாத."

வழியெல்லாம் பசிக்கிறது, சங்கு பிரிக்க ஆள் இல்லை, சம்மாட்டி வைவார் என்று புலம்பிக்கொண்டே வந்தான். பக்கத்து சீட்டுக்காரர் எங்களை அப்பனும் மகனும் என்று நினைத்திருப்பார்.

பிப்ரவரி 20, செவ்வாய்

ரொமால்டுக்கும் குமிழிதான். முழங்கை மூட்டில். உள்ளே போய்த் திரும்பி வரும்போதே வலி பாதி குறைந்துவிட்டது என்றான். நாலு தோசை சாப்பிட்டான்.

வளன் கோடு: நடுத்தொடை. இடது காலில் கட்டைவிரல் அசைந்தது. குருவையாவைக் கூட்டிவந்து காட்டினேன். மறுபடி அசைந்தது. நர்ஸைக் கூட்டிவந்தேன். "இது என்ன, சர்க்கஸா?" என்றான் வளன்.

பிலோமி என்னிடம் இன்னும் பேசவில்லை. தோசையை மட்டும் என் பக்கம் தள்ளி வைக்கிறாள்.

பிப்ரவரி 22, வியாழன்

குழாயை எடுத்துவிட்டார்கள். சிறுநீர் தானாக. இருநூறு மில்லி. கோயில் மணி அடிக்க வேண்டும் போல இருந்தது.

பிப்ரவரி 25, ஞாயிறு

இரண்டு கம்பிகளுக்கு நடுவே வளனை நிறுத்தினார்கள். இடது கால் ஊன்றுகிறது. வலது கால் இழுபடுகிறது. நாலு அடி நடந்தான். டாக்டரம்மாவிடம் வலது கால் முழுக்க வருமா என்று கேட்டேன். "வரலாம். வராமலும் போகலாம். தைலம் தேச்ச அந்த அரை நாள் நமக்கு எதிரா இருக்கு" என்றார். நான்தான் கேட்டேன், அவர் சொன்னார்.

இனி ஆயுசுக்கும் தண்ணீருக்குள் இறங்கக் கூடாது. வளன் கேட்டுக்கொண்டான். கடையில் உட்காரலாம் என்றேன். "காத்தடிக்கவா? போதும்பா" என்றான். பிறகு சிரித்தான். பிலோமியும் சிரித்துவிட்டாள். சிரித்ததும் நான் அங்கே இருப்பது நினைவுக்கு வந்து, வாயை மூடிக்கொண்டாள். கண்ணாடிக் காது நூலால் கட்டியிருக்கிறது.

மாலை சோதனை. கண்ணை மூடச் சொன்னேன். தொடையில் குத்தினேன். தெரியுது. முட்டியில். தெரியுது. பிறகு குச்சியை வலது பாதத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, தொடாமல் நின்றேன்.

"தெரியுதா மக்கா?"

அவன் ஒரு கண்ணைத் திறந்து குச்சியைப் பார்த்தான்.

"நீங்க இன்னும் குத்தவே இல்லயேப்பா."

அப்புறம் நிஜமாகவே குத்தினேன். பாதத்தில், கட்டைவிரலில், கொஞ்சம் அழுத்தியே.

"இப்ப?"

"தெரியல."

எழுதிக்கொள்கிறேன்.

இடது கால்: விரல் நுனிவரை.
வலது கால்: முட்டிக்குக் கீழே ஆறு விரல். அதற்குக் கீழே இன்னும் இல்லை.

இந்தக் கணக்கு சரி.